‘அடிபட்டாலும் பரவாயில்லை’ வண்டி

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் கணக்கில் ஏறுகிற நேரத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் பல வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு ஓட்டிப் பழக ஒரு சின்னக் கார் வாங்கலாமா என்ற பேச்சு. அதற்கு வரும் பதிலும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். “புதுசு எதுக்கு? முதல்ல எங்கயாவது கொண்டு போய் இடிக்கத்தான் போறான். அடிபட்டாலும் பரவாயில்லைங்கிற மாதிரி ஒரு பழைய வண்டியாப் பாருங்க, கை பழகட்டும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பணத்தின் அருமை தெரிந்தவர்கள் சொல்லும் வார்த்தை இது. ஆனால் அந்தப் ‘பரவாயில்லை’ என்ற சொல் காரின் தகட்டைப் பற்றியது. உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அந்தப் பேச்சில் வருவதே இல்லை. குடும்பத்திலேயே அனுபவம் குறைந்தவர் கையில், குடும்பத்தால் வாங்க முடிந்ததிலேயே பாதுகாப்புக் குறைந்த வண்டியைக் கொடுக்கிறோம். இந்தப் பழக்கத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. பழைய கார் வாங்குங்கள், சின்னக் காராகவே வாங்குங்கள். ஆனால் விலையையும் மைலேஜையும் கேட்பதற்கு முன்னால் அது எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்று கேளுங்கள்.

அதற்கு முன் வயதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதின்ம வயது என்று நான் சொல்வது பதினெட்டையும் பத்தொன்பதையும் மட்டுமே. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர் பொது இடத்தில் கார் ஓட்ட அனுமதிப்பதில்லை. 2019-இல் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவைப் பெற்றோர் ஒருமுறையாவது படிக்க வேண்டும். சிறுவரோ சிறுமியோ வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தபோது, அந்தப் பையனின் தந்தையும் கைதானார். இங்கே டெல்டாவில் வழக்கமாக ஒரு பதில் வரும்: “எங்க பையன் பதினாலு வயசுலயே டிராக்டர் எடுத்தவன், பவர் டில்லரைத் தனியாத் திருப்புவான், அவனுக்கு என்ன பழகணும்?” ஸ்டியரிங், கிளட்ச், கியர் பழகிவிட்டது உண்மைதான். ஆனால் வயலில் எதிரே யாரும் வருவதில்லை. டிராக்டரின் வேகத்தில் தப்பாகக் கணித்தாலும் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். சாலையில் தேவைப்படுவது வேறு ஒரு திறன்: எதிரே வரும் பஸ் எவ்வளவு வேகத்தில் வருகிறது, முன்னால் போகும் மொபெட் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது, அந்த வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து என்ன வரும் என்று முன்கூட்டியே படிக்கும் திறன். அது கைப்பழக்கத்தால் வருவதில்லை, சாலையில் ஓடிய கிலோமீட்டர்களால் வருவது. அந்தக் கிலோமீட்டர்கள் சேரும்வரை தவறு நடக்கும். அதனால்தான் எந்த வண்டி என்பது முக்கியமாகிறது.

புதிய ஓட்டுநர்களின் ஆபத்து எங்கே கூடுகிறது என்பது உலகம் முழுக்க ஆராயப்பட்ட விஷயம். இரவில் கூடுகிறது, கூடவே வயதொத்த நண்பர்கள் ஏறினால் கூடுகிறது, ஒருவரை விட இருவர், இருவரை விட மூவர் என்று ஏற ஏறக் கூடுகிறது. நியூசிலாந்து 1987-லேயே இதைக் கணக்கில் எடுத்து, லைசென்ஸைப் படிப்படியாகக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது: முதல் கட்டத்தில் இரவு ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது, போகப் போகத் தளர்வு. நம் நாட்டில் அப்படி இடைப்படி எதுவும் இல்லை. எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் கழித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டிவிட்டால், மறுநாளே நான்கு நண்பர்களோடு நள்ளிரவில் வேளாங்கண்ணிக்குப் போகச் சட்டம் தடுக்காது. சட்டம் விட்ட இடத்தை வீடு நிரப்ப வேண்டும், வாங்கும் வண்டியும் நிரப்ப வேண்டும்.

இப்போது நம் சாலையைப் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். பாலம் ஏறும் இடத்தில் எதிர்ப்பக்கம் தெரியாது, இறங்கும் இடத்தில் கடைத்தெரு இருக்கும். உள்ளூர்ச் சாலைகள் பாதிக்கு மேல் ஆற்றங்கரையை ஒட்டியோ வாய்க்கால் கரைமேலோ போகின்றன. பல இடங்களில் ஓரத்தில் தடுப்பு கிடையாது. அறுவடை நாளில் சாலையின் ஒரு பாதி களமாகிவிடும், நெல் காயும். மீதிப் பாதியில் இரு பக்க வண்டிகளும் போக வேண்டும். அறுப்பு மெஷின் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்து வரும். பின்விளக்கு இல்லாத டிரெய்லரில் நெல் மூட்டை ஏற்றி, ராத்திரியில் கொள்முதல் நிலையத்துக்கு டிராக்டர் போய்க்கொண்டிருக்கும். இந்தச் சாலைகளில் நேரும் மோதல் பெரும்பாலும் ஒரே மாதிரி: முன்னால் போகும் ஒன்றை ஓவர்டேக் செய்ய வலப்பக்கம் ஏறுவது, எதிரே வருவதைக் கண்டு பதறி இடப்பக்கம் ஒடிப்பது, முழுதாகத் திரும்புவதற்குள் இரண்டு வண்டிகளின் வலது முன்பக்கமும் ஒன்றோடொன்று மோதுவது. ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் அது.

கார்களை மோதவிட்டுச் சோதிப்பவர்கள் சோதிப்பதும் இதே மோதலைத்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குளோபல் என்.சி.ஏ.பி. என்ற அமைப்பு காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்க அகலத்தில் 40 விழுக்காடு மட்டும் தடுப்பில் படும்படி ஓட்டுநர் பக்கமாக மோதவிடுகிறது. 2014 ஜனவரியில் இந்தியாவில் அதிகம் விற்ற ஐந்து சின்னக் கார்களின் ஏர்பேக் இல்லாத மலிவு மாடல்களை அப்படிச் சோதித்தபோது ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஐந்துமே பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் ஸ்விஃப்ட்டும் டட்சன் கோவும் சோதிக்கப்பட்டன, அவற்றுக்கும் பூஜ்யம். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஃபிகோ, போலோ இரண்டின் கூடு மோதலைத் தாங்கி நின்றது, ஏர்பேக் இல்லாததுதான் குறை. ஏர்பேக் வைத்த போலோ அதே சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. ஆல்டோ, நானோ, ஐ10 மூன்றிலும் கூடே ஒடுங்கியது. கூடு ஒடுங்கும் வண்டியில் ஏர்பேக் வைத்தாலும் பலன் பாதிதான். இன்று நம் ஊர்ப் பழைய கார் கன்சல்டிங்குகளில் ஒரு லட்சம், ஒன்றரை லட்சத்துக்குப் பிள்ளைக்கென்று தேடிப் போகும் வண்டிகள் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவைதான், அல்லது இதற்கும் முந்தையவை.

அந்தச் சோதனைகளுக்குப் பிறகு, மெதுவாக என்றாலும், விதிகள் மாறின. நான் சொல்லும் தேதிக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. 2019 ஏப்ரலிலிருந்து விற்பனையில் இருந்த எல்லா மாடல்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக், பெல்ட் போடாவிட்டால் கத்தும் எச்சரிக்கை, 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் கட்டாயம். 2019 அக்டோபர் 1 முதல், ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த மாடல்களும் அரசின் மோதல் சோதனையில் தேறியாக வேண்டும். அது மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் சோதனை. ஊர் ஊராக ஓடிய ஆம்னி அந்த ஆண்டோடு உற்பத்தி நின்றதற்குக் காரணம் இந்த விதிகள்தான். முன் இருக்கையில் பக்கத்தில் உட்காருபவருக்கும் ஏர்பேக் என்பது விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2021 டிசம்பர் 31-இலிருந்து கட்டாயமானது. ஆகவே என் எல்லைக்கோடு எளிது: பிள்ளைக்கு வாங்கும் சின்னக் கார் 2019 அக்டோபருக்குப் பின் தயாரானதாக இருக்க வேண்டும், 2022 அல்லது அதற்குப் பின் என்றால் இன்னும் நல்லது. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். பதிவுத் தேதியைப் பார்த்து ஏமாற வேண்டாம். யார்டில் மாதக்கணக்கில் நின்று பிறகு பதிவான வண்டிகள் உண்டு.

இதைச் சொன்னவுடன், பழைய வண்டியின் தகடு கெட்டி, புதிய வண்டியின் தகடு தகரம் போல, விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது என்ற ஆட்சேபணை எழும். கண்ணால் பார்ப்பதை வைத்துச் சொல்வதால் இதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளித்தகடு மோதலில் யாரையும் காப்பாற்றுவதில்லை. காப்பாற்றுவது உள்ளே இருக்கும் கூடு: கதவுத் தூண்கள், கதவுக்குள் போகும் குறுக்குக் கம்பி, தரைச் சட்டம். பானெட் பகுதி நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அது எவ்வளவு நசுங்குகிறதோ அவ்வளவு அடியை அது வாங்கிக்கொள்கிறது, உள்ளே இருப்பவருக்குப் போகும் அடி குறைகிறது. மோதியும் முன்பக்கம் நசுங்காமல் நிற்கும் வண்டி, அந்த அடியை மொத்தமாக ஸ்டியரிங் வழியாகவும் பெல்ட் வழியாகவும் நெஞ்சுக்குக் கடத்திவிடும். “சின்ன அடிக்கே பம்பர் போயிடுச்சு” என்று சலிக்கிறோமே, டிங்கரிங் செலவு கூடுவதை வைத்து வண்டி பலவீனம் என்று முடிவு கட்டுவது தப்பான அளவுகோல்.

இன்னொன்று: “நம்ம ரோட்டுல யாரு 64-ல போறா? பிள்ளை நாற்பதைத் தாண்ட மாட்டான்.” பிள்ளை நாற்பதிலேயே போகலாம். எதிரே வருகிற மினி லாரி எழுபதில் வரலாம். அதோடு, டெல்டாவின் உள்சாலைகள் ஒவ்வொன்றும் கடைசியில் ஒரு பெரிய சாலையில் போய்ச் சேர்கின்றன: விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சை வரும் நெடுஞ்சாலை ஒரு பக்கம், திருச்சியிலிருந்து தஞ்சை வழியாக நாகப்பட்டினம் போகும் நெடுஞ்சாலை இன்னொரு பக்கம். வல்லத்திலும் திருமலைசமுத்திரத்திலும் இருக்கும் கல்லூரிகளுக்குப் போகிற பிள்ளை தினமும் அந்தத் திருச்சிச் சாலையில்தான் போக வேண்டும். வேகம் 40-இலிருந்து 64-க்கு ஏறினால் மோதலின் ஆற்றல் ஒன்றரை மடங்கு கூடுவதில்லை, இரண்டரை மடங்காகிறது. 2022-ஆம் ஆண்டு நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். ‘நம்ம ரோடு’ மெதுவான ரோடு என்ற நம்பிக்கைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

பணம்தான் உண்மையான ஆட்சேபணை, அதை மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லும் எல்லைக்கோட்டுக்குள் வரும் வண்டிக்கும் பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய வண்டிக்கும் இரண்டு லட்சம் ரூபாய் அளவில் வித்தியாசம் வரும். மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது ஒரு பட்டத்து வருமானத்தையே விழுங்கும். அப்படியானால் என் யோசனை, கார் இப்போது வேண்டாம், இரண்டு ஆண்டு கழித்து வாங்கலாம் என்பதே. டெல்டாவில் பஸ் இல்லாத பெரிய ஊர் கிடையாது. டிரைவிங் ஸ்கூலில் கூடுதலாக இருபது வகுப்பு எடுத்தால் ஆகும் செலவு, பழைய வண்டியின் ஒரு வருட ரிப்பேர் செலவுக்குள் அடங்கும். “கார் இல்லேன்னா பைக் கேப்பான், அது இதைவிட ஆபத்து இல்லையா?” என்று கேட்டால், ஆமாம், ஆபத்துதான். நாட்டில் சாலையில் இறப்பவர்களில் 44 விழுக்காட்டுக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஏர்பேக் இல்லாத பழைய காரும் பைக்கை விடப் பாதுகாப்பு என்பதை நான் மறுக்கவில்லை. பைக்குக்கு மாற்றாக, ஒருவர் மட்டும், பகலில், பெல்ட் போட்டு ஓட்டுவதற்கு என்றால் அந்த வாதம் நிற்கும். ஆனால் கார் வந்தபின் அது ஒருவர் ஓட்டும் வண்டியாக இருப்பதில்லை. பைக்கில் இருவர் போன இடத்தில் காரில் ஐந்து பேர் போவார்கள். பிள்ளைக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து 350 சி.சி. பைக் வாங்கித் தரும் வீடுகள் இங்கே குறைவில்லை. அந்த வீடுகளிடமாவது நான் கேட்பேன், அந்தப் பணத்தை இந்த வித்தியாசத்துக்குப் போடுங்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு வாதம் உண்டு, அது இன்னும் வலுவானது. அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற காப்பீட்டு ஆய்வு நிறுவனமும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழும் சேர்ந்து பதின்ம வயதினருக்கான பழைய கார்களின் பட்டியல் வெளியிடுகின்றன. அதில் 2,750 பவுண்டு, அதாவது சுமார் 1,250 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள கார்களுக்கு இடமே இல்லை. சின்னக் கார் வேண்டாம் என்பதுதான் அவர்கள் தீர்ப்பு. நம் ஆல்டோ முக்கால் டன், அந்த அளவுகோலில் இங்குள்ள சின்னக் கார் ஏறக்குறைய எதுவுமே தேறாது. அப்படியானால் நான் ஏன் சின்னக் கார் என்கிறேன்? அவர்கள் பட்டியலில் வரும் கனமான வண்டிகள் ஏர்பேக்கும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் உள்ளவை. நம் பட்ஜெட்டில் கனமான பழைய வண்டி என்று தேடினால் கிடைப்பது பழைய குவாலிஸ், பழைய சுமோ, பழைய பொலேரோ. உயரமான அந்த வண்டிகளைப் பதறி ஒடித்தால் உருளும். வாய்க்கால் கரையில் உருளுவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அதோடு நம் தெருக்களில், எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இருப்பது ஓரத்தில் ஒன்றரை அடி. வண்டியின் நான்கு மூலையும் எங்கே இருக்கிறது என்று புதியவருக்குப் புரிய வேண்டுமானால் வண்டி சின்னதாகத்தான் இருக்க வேண்டும். அதே நிறுவனம் அதிக சக்தியுள்ள இன்ஜின் வேண்டாம் என்றும் சொல்கிறது. ஒரு லிட்டர், ஒன்றே கால் லிட்டர் பெட்ரோல் இன்ஜின் அதற்கும் பொருந்தும். ஆகவே அவர்கள் வாதத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: சின்னக் கார்களுக்குள் கனம் கூடியதை, கூடு கெட்டியானதை எடுங்கள்.

பெயர் சொல்லிக் கேட்டால் சொல்கிறேன். டாடா அல்ட்ரோஸ் 2020-இல் ஐந்து நட்சத்திரம் பெற்றது. டியாகோ அதே ஆண்டு நான்கு பெற்றது. ஏர்பேக் உள்ள போலோ, ஹோண்டா ஜாஸ், டொயோட்டா எட்டியோஸ் மூன்றும் நான்கு நட்சத்திரம் பெற்றவை. 2018-இல் சோதித்த ஸ்விஃப்ட், 2019-இல் சோதித்த வேகன்ஆர், சான்ட்ரோ, 2020-இல் சோதித்த கிராண்ட் ஐ10 நியோஸ் எல்லாம் இரண்டு நட்சத்திர வண்டிகள். பட்டுக்கோட்டையிலும் மன்னார்குடியிலும் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பது மாருதியைத்தான், ஸ்பேர் மறுநாளே வரும், இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஃபோக்ஸ்வாகன் போலோ விற்பனை 2022-இல் நின்றது, ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட வண்டிகளை எடுப்பவர்கள் சர்வீஸுக்கு எங்கே போக வேண்டும் என்று முதலிலேயே விசாரிக்க வேண்டும். என் தேர்வு டியாகோ அல்லது அல்ட்ரோஸ் பெட்ரோல். அது கிடைக்காமல் வேகன்ஆரோ ஸ்விஃப்ட்டோதான் அமைகிறது என்றால், இரண்டு ஏர்பேக் உள்ள வேரியன்ட்டாக மட்டும் எடுங்கள். குறைந்த வேரியன்ட்டில் மியூசிக் சிஸ்டமும் அலாய் வீலும் பிறகு மாட்டிக்கொள்ளலாம், ஏர்பேக்கைப் பிறகு மாட்ட முடியாது.

வண்டியை நேரில் பார்க்கும்போது டெல்டாக்காரர்கள் முதலில் தேட வேண்டியது தண்ணீரின் தடம். 2015-இலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் கூட்டம் கூட்டமாக மூழ்கின. 2023 டிசம்பரிலேயே தூத்துக்குடியும் மூழ்கியது. அப்படி மூழ்கிய வண்டி கழுவித் துடைத்து வெளியூருக்கு விற்பனைக்கு வர எல்லா வாய்ப்பும் உண்டு, வாங்குகிற ஊருக்கு அதன் கதை தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடிநுனியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். யாரும் அதைக் கழுவுவதில்லை. ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியைப் பாருங்கள், இருக்கை ஓடும் தண்டவாளத்தின் துருவைப் பாருங்கள், மிதியடியைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். மூழ்கிய வண்டியில் ஏர்பேக்குக்குப் போகும் ஒயரும் நனைந்திருக்கும். நாள் வரும்போது அது விரியுமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டி என்றால் உப்புக்காற்று அடித்தளத்தைத் தின்றிருக்கிறதா என்று லிஃப்ட்டில் ஏற்றிப் பாருங்கள். வயலோர வீடுகளில் நின்ற வண்டிக்கு எலி இன்னொரு தொல்லை. பானெட்டைத் திறந்து ஒயரில் இன்சுலேஷன் டேப் ஒட்டுப்போட்டிருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது ஏர்பேக் விளக்கு. சாவியை ஆன் செய்ததும் டாஷ்போர்டில் அது எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகம், ஏற்கெனவே விரிந்துபோன ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் பிடுங்கியிருக்கலாம். பானெட் போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்திருந்தால், தூண் ஓரத்து வெல்டிங் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருந்தால் அது பெரிய அடி வாங்கிய வண்டி. பிள்ளைக்கு அது வேண்டாம், எவ்வளவு குறைத்தாலும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஆறு வயது தாண்டிய டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ஐப்பசி மழையில் களிமண் படிந்த சாலையில் அது பிடிக்காது. நான்கு டயரின் விலையையும் பேரத்தில் முதலிலேயே கழித்துக்கொள்ளுங்கள். முன்னால் இரும்புக் கார்டு மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடை செய்தது, ஏர்பேக் சென்சாரின் கணக்கை அது குழப்பும். கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் இருந்தால் உரித்து எடுங்கள். உச்ச நீதிமன்றம் 2012-இல் தடுத்த அது, தெருவிளக்கு இல்லாத கரைச்சாலையில் புதிய ஓட்டுநரின் கண்ணைப் பாதியாகக் குறைத்துவிடும்.

தண்ணீரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், எந்தக் கார் இதழும் இதை எழுதுவதில்லை. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து ஜனவரி 28-இல் மூடும்வரை, ஏழு மாதத்துக்கு மேல் நம் சாலையோரத்து ஆறுகளிலும் கல்லணைக் கால்வாயிலும் தண்ணீர் ஓடுகிறது. வண்டி தண்ணீரில் விழுந்தால் கதவைத் திறக்க முடியாது, வெளியிலிருந்து நீர் அழுத்தும். பவர் விண்டோ சிறிது நேரமே வேலை செய்யும். விழுந்த உடனே பெல்ட்டை விடுவித்து, கண்ணாடியை இறக்கி, ஜன்னல் வழியாக வெளியேற வேண்டும். எனவே வாங்கும் முன் நான்கு கண்ணாடியும் தடையில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காத ஒன்றை ‘ஏசி இருக்கே’ என்று விட்டுவிடாதீர்கள். கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியல் ஒன்றை ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பிள்ளைக்கு நீச்சல் தெரியாவிட்டால் ஓட்டப் பழகுவதற்கு முன் அதைப் பழக்குங்கள்.

காகிதத்தில் சுருக்கமாக மூன்று. படிவம் 29, 30 கையெழுத்தாகி, உங்கள் பெயருக்கு ஆர்.சி. மாறும்வரை வேலை முடியவில்லை. கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35-உம் வேண்டும். விற்பவர்களுக்கும் இது பொருந்தும். வண்டியைக் கைமாற்றிவிட்டாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மூன்றாவது, பலருக்குத் தெரியாதது: இன்சூரன்ஸில் வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, பதிவு பெற்ற உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டும். அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது மகள் என்றால் அந்தக் காப்பு மகளுக்குக் கிடைக்காது. உள்ளே பயணம் செய்பவர்களுக்கும் மற்ற ஓட்டுநருக்கும் தனியாகக் காப்பு எடுக்கலாம், பிரீமியம் பெரிதாக வராது. கேட்டால்தான் ஏஜென்ட் சொல்வார்.

வீட்டில் முதல் ஆண்டுக்கு இரண்டே கட்டுப்பாடு போதும் என்பது என் கருத்து. இருட்டிய பின் தனியாக ஓட்ட வேண்டாம். நண்பர்களை ஏற்ற வேண்டாம். இரவு ஓட்டப் பழக வேண்டாமா என்றால், பழகட்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று விதி மாற வேண்டாம். ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சைக்குப் படிக்கப் போகும் பெண்ணுக்கு வண்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தம்பிக்கு மட்டும் நள்ளிரவு வரை சாவியைக் கொடுக்கும் வீட்டில் இரண்டு பேருக்கும் அநியாயம் நடக்கிறது.

பெல்ட் போடாமல் 2022-இல் நாட்டில் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் ஏறக்குறைய சரிபாதி, 8,331 பேர், ஓட்டியவர்கள் அல்லர், கூட உட்கார்ந்து போனவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலையுயர்ந்த, பாதுகாப்புக்குப் பெயர்போன காரின் பின் இருக்கையில், பெல்ட் போடாத நிலையில். பழைய கார்களில் பின் இருக்கை பெல்ட்டின் பூட்டு பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். முந்தைய உரிமையாளர் ஒருமுறைகூட அதைத் தொட்டிருக்க மாட்டார். வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றும் முன், அந்தக் கவரைக் கத்தரித்துப் பூட்டுகளை வெளியே எடுத்துவிடுங்கள்.